பெய்ஜிங்கிற்குப் போன தமிழ்க் கடிதங்கள்

சீனாவுக்குத் தமிழில் கடிதம் எழுதினால் அங்கே யார் படிப்பார்கள் என்று கேட்கிறீர்களா? படித்தார்கள், குழந்தைகளே! படித்துவிட்டுத் தமிழிலேயே பதிலும் போட்டார்கள்.

சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்பு 1963-ம் ஆண்டு ஆகஸ்ட் 1-ம் தேதி தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் எல்லையில் போர் நடந்திருந்தது. ஆனாலும் நம் ஊர்க்காரர்கள் வானொலிப் பெட்டியில் சிற்றலையைத் திருகித் திருகி அதைக் கேட்டார்கள். பிறகு நேயர் மன்றங்கள் வைத்துக் கடிதம் எழுதினார்கள். தமிழ் படித்த சீன அறிவிப்பாளர்கள் தங்களுக்குத் தமிழ்ப் பெயரே சூட்டிக்கொண்டார்கள். தமிழ்ப் பிரிவின் தலைவராக இருந்த சூ ஜுவான்ஹுவா அம்மையாரின் தமிழ்ப் பெயர் என்ன தெரியுமா? கலையரசி!

சரி, கடிதத்தில் என்ன எழுதுவது? "நிகழ்ச்சி அருமை" என்று மட்டுமா? அதைவிடப் பெரிய வேலை ஒன்று இருந்தது.

பெய்ஜிங்கிற்கும் திருநெல்வேலிப் பக்கத்துப் பத்தமடைக்கும் நடுவே 5,000 கிலோமீட்டருக்கு மேல் தூரம். சிற்றலை வானத்தில் மிக உயரத்தில் இருக்கும் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, கீழே வந்து சேரும். ஒருநாள் கணீரென்று கேட்கும். மறுநாள் ஒரே கரகரப்பு. இன்னொரு நாள் வேறொரு நிலையம் மேலே ஏறிக்கொள்ளும். பேசுகிறவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? கேட்டவர் எழுதினால்தான் உண்டு.

அதற்கு ஐந்து எண்கள் போதும். ஒலியின் வலிமை, மற்ற நிலையங்களின் இடையூறு, இரைச்சல், ஒலி ஏறி இறங்குவது, மொத்தத் தரம் என்று ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 5 என்றால் தொல்லையே இல்லை. 1 என்றால் மிக மோசம். எல்லாவற்றுக்கும் 5 போட்டால் அவர்கள் மகிழ்வார்களே என்று தோன்றும். அந்தக் கடிதத்தால் ஒரு பயனும் கிடையாது! எத்தனையோ ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவன் சொல்கிறேன், எல்லாருக்கும் நூற்றுக்கு நூறு போட்டால் யாருக்குக் கணக்கு வரவில்லை என்று எப்படித் தெரியும்? "இடையூறு 2" என்று உள்ளபடி எழுதினால்தான், அலைவரிசையை மாற்றலாமா என்று பொறியாளர்கள் யோசிப்பார்கள்.

கேட்ட தேதி, அலைவரிசை, கேட்ட செய்தியில் இரண்டொரு வரி இவையும் வேண்டும். உண்மையாகக் கேட்டதற்கு அதுதானே சாட்சி! சரியாக இருந்தால், "ஆம், நீங்கள் கேட்டது எங்கள் ஒலிபரப்பே" என்று உறுதி சொல்லும் படம் போட்ட அட்டை தபாலில் வரும். அதன் பெயர் கியூ.எஸ்.எல். அட்டை. அஞ்சல்தலை சேர்ப்பது போல இதைச் சேர்ப்பவர்கள் உலகமெங்கும் உண்டு.

மிச்சமுள்ள இடத்தில் ஊர்க்கதை எழுதலாம். பத்தமடைப் பிள்ளை என்றால் கோரைப் பாயை விடலாமா! கோரையை மெல்லியதாகக் கிழித்துத் தண்ணீரில் ஊறப்போடுவது, நூல் பாவில் அதை ஊடாகக் கோத்து நெய்வது, பட்டுப் பாய் துணி போல மடங்குவது... படிக்கிறவருக்கு ஒரு புதுத் தமிழ்ச் சொல்லாவது கிடைத்திருக்கும்.

பிறகு மின்னஞ்சல் வந்தது, உறையும் அஞ்சல்தலையும் குறைந்தன. 2018-ல் சீன வானொலியும் சீன ஊடகக் குழுமத்தோடு இணைக்கப்பட்டது.

நேரத்தைச் சொல்ல மறந்துவிட்டேனே! கடிதத்தில் உலகப் பொது நேரத்தைத்தான் எழுத வேண்டும். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னே, பெய்ஜிங் நேரம் எட்டு மணி முன்னே. பத்தமடையில் இரவு 7.30-க்குக் கேட்டால் 14.00 என்று எழுத வேண்டும். அப்போது பெய்ஜிங்கில் மணி என்ன? சொல்லுங்கள் பார்ப்போம்!