பொதுக் கணினியும் நீர்முறையும்



உடுமலைப் பக்கத்து உழவர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். பரம்பிக்குளம்–ஆழியாறு பாசன நிலங்கள் 4 மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, முறைவைத்து நீர் விடப்படுவதை அவர் விளக்குவார். அணையைத் தனியொருவர் கட்ட இயலாது. பலர் கூடிப் பயன்கொள்ளலாம். விஞ்ஞான ஆராய்ச்சிக்கு உதவும் மீக்கணினியும் அத்தகையதே.

மீக்கணினி என்பது யாது? பல கணினிகளை விரைவான இணைப்புகளால் பிணைத்து, ஒரே வேலையைப் பகிர்ந்து செய்ய வைக்கும் அமைப்பு. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றைக் கணித்தறிய வேண்டும் எனக் கொள்வோம். நிலப்பரப்பைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, கட்டந்தோறும் காற்றின் வேகம், வெப்பம், ஈரம் ஆகியவற்றைக் கணிக்கவேண்டும். ஒரு கணினியே செய்தால் நாட்கள் பல கழியும். மீக்கணினியிலோ கட்டங்கள் பல செயலிகளுக்குப் பங்கிடப்படுகின்றன. பத்துப் பேர் வரிசையாக நின்று களை எடுப்பதைப் போல, வேலை விரைவில் முடிகிறது. ஆனால், ஒரு படி முடிந்தாலன்றி மறு படி தொடங்கவியலாத கணக்கை எத்தனை செயலிகள் கூடினும் விரைவுபடுத்த இயலாது.

நம் நாட்டில் இத்துறைக்கென 1988-இல் சி-டாக் நிறுவனம் தோன்றியது. 1991-இல் ‘பரம் 8000’ உருவாயிற்று. 2015-இல் தேசிய மீக்கணினி இயக்கம் தொடங்கியது. அதன் பயனாகத் திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே மாதம் ‘பரம் பொருள்’ நிறுவப்பெற்றது. அதன் உச்சத்திறன் 838 டெராஃபிளாப். அதாவது, விநாடிக்கு 838 இலட்சம் கோடி கணக்குகள்!

அணை நிறைந்திருப்பினும் மடை திறவாவிடில் பயிர் வாடும். கோவைக் கல்லூரி ஒன்றில் பணியாற்றும் என் பழைய மாணவி ஒருவர், ஆய்வுக் கணக்கைத் தம் மடிக்கணினியிலேயே வாரக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருந்தார். “மீக்கணினியை நாடலாமே, அம்மா?” என்றேன். “கட்டளைகளைப் பயிலவே ஒரு பருவம் போய்விடும் போலிருக்கிறதே, ஐயா!” என்றார். குறை அவரிடம் இல்லை. வாயில் குறுகலாக இருந்தது.

அவ்வாயிலை அகலப்படுத்தும் வழிகள் உண்டு. ஆய்வு மென்பொருள்களை முன்கூட்டியே நிறுவி வைத்தல் ஒன்று. கட்டளை வரிகளுக்குப் பதிலாக இணைய உலாவி வழியே வேலையை அனுப்பச் செய்தல் மற்றொன்று. அமெரிக்காவின் ஒஹையோ மீக்கணினி மையம் ‘ஓப்பன் ஆன்டிமாண்ட்’ என்னும் மென்பொருளை இதற்கெனவே ஆக்கி, எவரும் பயன்படுத்த அளித்துள்ளது. கல்லூரிதோறும் வழிகாட்ட ஒருவர் இருத்தல் மூன்றாவது.

நீர்முறையைக் காக்க ஒருவர் வேண்டுமன்றோ? இங்கே ‘ஸ்லர்ம்’ போன்ற மென்பொருள் அப்பணியைச் செய்கிறது. எத்தனை செயலிகள், எத்தனை மணி நேரம் வேண்டும் என முன்னரே எழுதித் தரவேண்டும். தேவைக்கு மேல் கேட்பவர் நெடுநேரம் காத்திருப்பார். அளவறிந்து கேட்பவரின் சிறுவேலை, பெருவேலைகளுக்கு இடைப்பட்ட ஓய்வு நேரத்திலேயே நுழைந்து முடிந்துவிடும்.

கடைமடைக்கும் நீர் சென்றால்தான் பாசனம் நிறைவுறும். சிற்றூர்க் கல்லூரியில் பயிலும் மாணவனின் கேள்விக்கும் மீக்கணினி விடை தரும் நாளே அதன் பயன் முழுமை பெறும் நாள். அந்நாளில் கேட்பதற்குரிய நல்ல கேள்விகளை நீங்கள் இன்றே எண்ணத் தொடங்குங்கள்.