தாளில் எண் ஏறினால் ஈரல் கெட்டதா?

பாகான் டாலாமில் குடியிருக்கும் என் அக்காள் வீட்டுக்காரர் காசநோய்க்கு மருந்து சாப்பிட்டு வந்தார். அம்மருந்து சிலருக்குக் கல்லீரலைத் தாக்கும் என்பதால் இரத்தம் சோதித்தார்கள். முதல் தாளில் ஏ.எல்.டி. 48. பத்து நாள் கழித்து வேறோர் ஆய்வுக்கூடத்தில் 62!

"மச்சான், மருந்து ஈரலைத் தின்னுது. இனி ஒரு மாத்திரையும் தொடமாட்டேன்" என்று தாளை நீட்டினார். அக்காள் கலங்கிப் போய் நின்றாள்.

காசநோய் மருந்தைப் பாதியில் விட்டால் நோய் மீண்டும் தலைதூக்கும். பிறகு அதே மருந்துக்கு அடங்காமலும் போகலாம். "அத்தான், இரண்டு தாளையும் டாக்டரிடம் காட்டுவோம்" என்று அழைத்துச் சென்றேன்.

டாக்டர் எண்ணுக்குப் பக்கத்தில் அச்சிட்டிருந்த உச்ச எல்லையைப் பார்த்தார். முதல் கூடத்தில் அது 40, இரண்டாவதில் 55. "வாந்தி, மஞ்சள் காமாலை போன்ற குறிகள் இருந்தால் எல்லையைப்போல் 3 மடங்கிலேயே மருந்தை நிறுத்துவோம்; குறி ஏதும் இல்லையென்றால் 5 மடங்கில். உங்களுக்கு ஒன்றரை மடங்குகூட இல்லையே! மருந்தைத் தொடருங்கள்" என்றார்.

எல்லையே ஏன் கூடத்துக்குக் கூடம் மாறுகிறது? ஏ.எல்.டி. கல்லீரலில் உள்ள ஒரு நொதி. ஈரல் அடிபட்டால் இரத்தத்தில் கசியும். அதை எடை போடுவதில்லை. அது செய்யும் வேலையைத்தான் அளக்கிறார்கள். ஸ்டோருக்கு வந்த பாலை வைத்து எத்தனை பேர் மரம் வெட்டினார்கள் என்று கணக்கிடுவது போலத்தான் இதுவும். விடியற்காலையில் வடியும் பாலும் வெயிலேறிய பின் வடியும் பாலும் ஒரே கணக்குத் தருமா? நொதியும் 25 டிகிரியில் செய்யும் வேலையைப்போல் 37 டிகிரியில் ஏறக்குறைய இரு மடங்கு செய்யும். சோதனைக் கலவையில் பி6 வைட்டமின் சத்தைச் சேர்த்தாலும் எண் கூடும்.

முன்பு ஜெர்மனியில் 25 டிகிரி, ஸ்காண்டிநேவியாவில் 37 என்று ஆளுக்கொரு முறை வைத்திருந்தார்கள். சர்வதேச மருத்துவ வேதியியல் கூட்டமைப்பு 2002இல் 37 டிகிரியில், பி6 சேர்த்து அளக்கும் முறையை மூல அளவுகோலாக வெளியிட்டது. ஆனால் இன்றும் எல்லாக் கூடங்களும் பி6 சேர்ப்பதில்லை.

இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கவும் ஏற்பாடு உண்டு. தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி, இந்தியா முழுவதும் உள்ள ஆய்வுக்கூடங்களுக்கு ஒரே மாதிரியான சோதனைப் பொருளை அனுப்புகிறது. அவை தம் விடையை எழுதி அனுப்புகின்றன. எந்தக் கூடம் மற்றவர்களிடமிருந்து விலகி நிற்கிறது என்பது அப்போது தெரிந்துவிடும்.

நாம் செய்ய வேண்டியது என்ன? இரத்தத் தாள்களை எறியாதீர்கள். அடையாளக் கார்டுபோல் பத்திரப்படுத்துங்கள். கூடியவரை ஒரே ஆய்வுக்கூடத்தில் சோதியுங்கள். எண்ணோடு எல்லையையும் பாருங்கள். கண் மஞ்சளித்தால், ஓயாமல் வாந்தி வந்தால் தாளுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். மற்றபடி, டாக்டரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தாதீர்கள்.

அத்தான் ஆறு மாத மருந்தையும் முடித்துவிட்டார். அந்த இரண்டு தாள்களையும் அக்காள் இன்னும் சாமி மேடைக்குக் கீழே வைத்திருக்கிறாள்.