பழவேற்காட்டில் கப்பலேறியவர்கள்

பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் ஏரியையும் பூநாரைகளையும் பார்த்துவிட்டு, நேரமிருந்தால் டச்சுக் கல்லறைக்குள்ளும் நுழைவார்கள். வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கல். உள்ளே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் பெயர் பொறித்த பெரிய பலகைக் கற்கள். அந்தக் கம்பெனி வாங்கிக் கப்பலேற்றிய மனிதர்களுக்கு அங்கே ஒரு கல்லும் இல்லை.

துணி வாங்கத்தான் டச்சுக்காரர்கள் வந்தார்கள். 1613இல் இங்கே அவர்களின் ஜெல்டிரியா கோட்டை எழுந்தது. 1621இல் அவர்களுடைய கவர்னர் ஜெனரல் கூன், இன்றைய இந்தோனேசியாவின் பாண்டா தீவுகளின் மக்களைக் கொன்றும் விரட்டியும் தீர்த்தார். அங்கிருந்த ஜாதிக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. இந்தக் கரையிலோ பஞ்சம். பெற்ற பிள்ளையை விற்றுக் கஞ்சி குடித்த காலம். 1622-23இல் மட்டும் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து சுமார் 1,900 பேர் அடிமைகளாகப் போனார்கள். 1659-61இல் தஞ்சைச் சீமையைப் போரும் பஞ்சமும் சேர்ந்து வாட்டியபோது 8,000 முதல் 10,000 பேர், பெரும்பாலோர் இலங்கைக்கு. வாங்கியவர்கள் டச்சுக்காரர்கள். பிடித்துக் கொடுத்த தரகர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். அதை மறைத்தால் இந்த வரலாறு பாதிதான்.

அவர்கள் கப்பலேறிய இந்தக் கரைக்குக் கப்பல் கட்டுவதில் பழைய பெயர் உண்டு. வடக்கே கோதாவரிக் கழிமுகத்து நரசாபூரில் ஐரோப்பியர்களே கப்பல் கட்டிக்கொண்டார்கள். சோழமண்டலக் கரை நெடுகிலும் ஆணியே அடிக்காமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்த படகுகள் ஓடின. அலை மோதினால் பலகை உடையாது, வளைந்துகொடுக்கும். ஆழத்தில் நங்கூரமிட்ட கப்பல்களுக்குச் சரக்கும் ஆட்களும் போய்ச் சேர்ந்தது இத்தகைய படகுகளில்தான். அந்தக் கைத்திறனை மெச்சுகிற நாம், அது யாரையெல்லாம் சுமந்தது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

1690இல் டச்சுத் தலைமையகம் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1825இல் பழவேற்காடு ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. மீனவர்களிடம் ஃபைபர் படகுகள். அதே கரையில் தெற்கே காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி தளம் கடலோரக் காவல்படைக்கு எஃகுக் கப்பல்கள் கட்டித் தந்திருக்கிறது. 2022இல் அமெரிக்கக் கடற்படையின் சார்லஸ் ட்ரூ கப்பலே பழுதுபார்க்க அங்கு வந்தது.

பெருமைதான். ஆனால், கல்லறையைக் காக்கும் தொல்லியல் துறை அதன் வாசலில் இன்னொரு பலகையும் நட வேண்டும்: இங்கிருந்து விற்கப்பட்டவர்களைப் பற்றி, ஊர்ப் பிள்ளைகள் படிக்கும்படி, தமிழில்.