தலைமாட்டில் இருப்பவர்

புற்றுநோய் கண்டவரைப் பார்க்கப் போகிறவர்கள் பழமும் புத்திமதியும் கொண்டு போகிறார்கள். படுத்திருப்பவரை விசாரித்துவிட்டுத் திரும்புகிறார்கள். மாதக்கணக்காய்த் தூக்கமின்றித் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் மனைவியை, 'அம்மா, தாங்கள் சாப்பிட்டீர்களா?' என்று கேட்பவர் எத்தனை பேர்?

இவ்விஷயத்தில் கேரளத்தார் வழி காட்டியிருக்கின்றனர். 1993-ம் வருஷம் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் முதலியோர் தொடங்கிய வலி தணிப்புச் சங்கம், நாளடைவில் அக்கம்பக்கத்து ஜனங்களையே பழக்கித் தொண்டர்களாக்கிற்று. இவர்கள் வீடு தேடிச் சென்று, புண்ணைக் கழுவிக் கட்டும் விதத்தை வீட்டாருக்குக் கற்பிக்கின்றனர். வீட்டார் அழுதால் அவசரமின்றிக் கூட உட்காருகின்றனர். 2008-ல் கேரள சர்க்கார் இச்சிகிச்சையைத் தன் கொள்கையாகவே ஏற்றது.

ஆனால் உடம்பு எரிகையில் வேதாந்தம் பேசுவது கொடுமை. முதலில் வேண்டுவது மார்ஃபின் மருந்து. 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் ஏற்பட்ட லைசென்ஸுகளுக்கும் தண்டனைக்கும் அஞ்சி, ஆஸ்பத்திரிகள் பல அதை வைத்திருக்கவே மறுத்தன. சட்டம் படித்த நாம் இதைச் சொல்ல வெட்கமுறுகிறோம். 2014-ல்தான் திருத்தம் வந்தது. இருபத்தொன்பது வருஷம்!

வலி அடங்கிய பிறகே நோயாளி மகளின் விவாகத்தைப் பற்றியும், தம்பியோடு நேர்ந்த பழைய மனஸ்தாபத்தைப் பற்றியும், தெய்வத்தைப் பற்றியும் வாய் திறக்கிறார். பார்க்கப் போகும் நேயர்கள் அப்போது பதில் சொல்ல விரைய வேண்டாம், கேட்டுக்கொண்டிருங்கள். அந்த ஒரு மணி நேரமாவது அவ்வம்மாள் உள்ளே போய்ச் சற்றுக் கண்ணயரட்டும்.