சுழியும் விலங்கும்
எழுத்தின் உருவம் – 14

1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ முதலாகப் புத்தக எழுத்தின் வரலாற்றைச் சென்ற வாரங்களில் பார்த்து வந்த நாம், படிப்பதற்கு மட்டுமன்றிப் பார்த்து மகிழ்வதற்குமாக அமைய வேண்டிய முகூர்த்தப் பத்திரிகையின் எழுத்தை இந்த வாரம் விசாரிப்போம்.

ஆவடியை அடுத்த வெள்ளானூரில் விவாகம் நிச்சயமான வீட்டுப் பெரியவர்கள், பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போய் மாதிரிகளைப் புரட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பத்திரிகை ஒன்று அண்மையில் என் கைக்கு வந்தது. அதன் ஆங்கிலப் பக்கத்தில் மணமக்களின் பெயர்கள், ஓரெழுத்தின் மெல்லிய இழை அடுத்த எழுத்தைத் தழுவிச் செல்ல, லலிதமாகச் சாய்ந்திருந்தன. தமிழ்ப் பக்கத்திலோ அதே பெயர்கள், நிமிர்ந்து நிற்கவென்று வரைந்த தடித்த எழுத்தைக் கணினியில் பலவந்தமாகச் சாய்த்ததனால், சுழிகள் நசுங்கிக் கிடந்தன.

ஆங்கில எழுத்தின் அந்த அழகு, அழுத்தினால் தடித்தும் தளர்த்தினால் மெலிந்தும் ஓடும் பேனாவின் கொடை. சார்லஸ் ஸ்நெல் என்ற பழைய எழுத்தாசானின் கையெழுத்தைத் தழுவி, 1960-களில் மேத்யூ கார்ட்டர் ‘ஸ்நெல் ரவுண்ட்ஹாண்ட்’ என்னும் எழுத்துருவை ஒளியச்சுக்கென அமைத்தார். ஈய எழுத்தில் அறுபட்டுப் போகக்கூடிய இழை, ஒளியச்சில் அறாமல் ஓடிற்று.

ஓலையில் எழுத்தாணியால் கீறி வளர்ந்த நம் எழுத்துக்கோ, ஒரே கனமுள்ள வளைகோடே சுபாவம்; இழையால் பிணைவது அதன் பொது இயல்பன்று. ஆதலால் அதன் ஒய்யாரத்தைக் கொம்பின் சுழியிலும் விலங்கின் வளைவிலுமே தேட வேண்டும். ‘திருமணம்’ என்ற சொல்லையே பாருங்கள்: ‘தி’யின் மேல்விலங்கைச் சற்றே உயர்த்தி வீசலாம், ‘ரு’வின் வாலைக் கீழே இறக்கிச் சுழிக்கலாம், ஆனால் மூன்றுசுழி ‘ண’வுக்குத் தாராளமாக இடம் விடாவிட்டால் மை அடைத்துக்கொள்ளும். 1978-இல் தமிழக அரசு ஏற்ற சீர்திருத்தத்தால் பாடப்புத்தகத்திலிருந்து விடைபெற்ற பழைய ‘லை’, ‘ணை’ வடிவங்களில், யானைத் துதிக்கைபோல் மேலெழுந்த வளைவு, மங்கலப் பத்திரிகைக்கென்றே பிறந்தது போன்ற அலங்காரமன்றோ!

இது வெறும் ஆசையன்று என்பதற்கு, இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த ‘கவிவாணர்’ எழுத்துருவே சாட்சி. அதில் சாய்வு பிற்பாடு திணிக்கப்பட்டதன்று, கையெழுத்தின் ஓட்டத்தோடு கூடவே பிறந்தது; எவரும் கட்டணமின்றி அதைப் பயன்படுத்தலாம். ஆயினும், முகூர்த்தப் பத்திரிகையின் உச்சியில் பெரிதாக வீற்றிருக்கத் தக்க, சுழிக்கும் விலங்குக்கும் பல மாற்றுருவங்கள் கொண்ட அலங்கார எழுத்துருக்கள் நமக்கு இன்னும் பல வேண்டும். அவை வரும்வரை, காகிதத்துக்கும் பொன்முலாமுக்கும் மனமுவந்து செலவிடுகிற பெற்றோர், மணமக்களின் பெயர்களை மட்டுமேனும் நல்ல ஓவியர் ஒருவரைக் கொண்டு கையால் எழுதுவித்து அச்சிடுவார்களாயின், அது அந்தத் தம்பதிகளுக்குச் செய்த மரியாதையாவதோடு, தமிழெழுத்துக்குச் செய்த தொண்டாகவும் ஆகும்.

(தொடரும்)