மலைத்தோட்டத்தில் நின்றுவிடும் புல்வெட்டும் இயந்திரம்: பழுதை நாமே கண்டறிவது எப்படி?

போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டைக் கடந்தால் ஏலத்தோட்டங்கள் தொடங்குகின்றன. ஏலச்செடியின் வேர்கள் மேல்மண்ணிலேயே படர்வதால், மண்ணைக் கொத்தாமல் வரிசைகளுக்கு இடையே களையை வெட்டிப் போடுவதே ஏற்ற முறையாகும். இவ்வேலைக்குப் பெட்ரோலில் ஓடும் புல்வெட்டும் இயந்திரத்தை விவசாயிகள் பலர் பயன்படுத்தி வருகின்றனர். வேலை நடுவில் இயந்திரம் நின்றுவிட்டால், அதைக் கீழே மெக்கானிக்கிடம் கொண்டுபோய்த் திரும்புவதற்குள் ஒரு நாள் கூலியும் ஜீப் செலவும் வீணாகின்றன. பல வேளைகளில் கோளாறு அடைபட்ட பில்டராகவோ கெட்டுப்போன பெட்ரோலாகவோதான் இருக்கும்.

நிற்கும் விதத்தைக் கவனியுங்கள்

எஞ்சின் ஓடுவதற்கு எரிபொருள், காற்று, தீப்பொறி ஆகிய மூன்றும் தேவை. இவற்றில் எது குறைகிறது என்பதை எஞ்சின் நிற்கும் விதமே காட்டிவிடும்.

1. சுவிட்சை அணைத்தாற்போல் சட்டென நின்றால் தீப்பொறி தடைப்பட்டுள்ளது. பிளக் தொப்பி, சுவிட்சு ஒயர் ஆகியவற்றைப் பாருங்கள்.

2. திணறித் திணறி வேகம் குறைந்து நின்றால் எரிபொருள் போதிய அளவு வரவில்லை.

3. மெதுவாக ஓடி, வேகத்தைக் கூட்டியதும் கரும்புகையுடன் அமுங்கினால் காற்று பில்டர் அடைபட்டிருக்கலாம்.

4. பத்துப் பதினைந்து நிமிடம் ஓடி நின்று, சிறிது நேரம் கழித்துத் தானே கிளம்பினால் டாங்கு மூடியின் காற்றுத் துளையைச் சந்தேகிக்க வேண்டும். அது அடைபட்டால் பெட்ரோல் இறங்காது. நின்றவுடன் மூடியைச் சற்றுத் தளர்த்தி இயக்குங்கள். உடனே ஓடினால் துளையைச் சுத்தம் செய்தாலே போதும். அப்போதும் ஓடாமல், சூடாக இருக்கையில் தீப்பொறியும் வரவில்லையெனில், காயில் பழுதாகியிருக்கலாம்.

சரிபார்க்கும் வரிசை

முதலில் எஞ்சினை ஆறவிட்டுப் பிளக் தொப்பியைக் கழற்றிவிடுங்கள். தொப்பி மாட்டியிருக்கும்போது பிளேடில் கை வைத்தல் கூடாது. அருகில் பீடி, அடுப்பு எதுவும் இருத்தல் ஆகாது.

பெட்ரோல்: நம் நாட்டில் 20 சதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் படிப்படியாக விற்பனைக்கு வந்து, 2025-இல் நாடெங்கும் பரவியது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையது. மலையில் மழைக்காலத்தில் பாதி நிரம்பிய கேனில் பல வாரம் வைத்தால் நீர் சேர்ந்து, எத்தனாலும் நீரும் பிரிந்து அடியில் தங்கக்கூடும். டாங்கிலுள்ளதைக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றிப் பத்து நிமிடம் நிழலில் வையுங்கள். இரண்டு அடுக்காகப் பிரிந்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள், ஓடையிலும் கொட்டாதீர்கள். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குக் கையேட்டில் கண்ட அளவே ஆயில் கலக்க வேண்டும். 25க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி. 50க்கு 1 என்றால் 20 மில்லி.

எரிபொருள் பில்டர்: டாங்கினுள் குழாய் நுனியில் இருக்கும் இதை வளைத்த கம்பியால் வெளியே இழுத்துப் பாருங்கள். பழுப்பேறியிருந்தால் மாற்றிவிடுங்கள். குழாயில் வெடிப்பு இருந்தாலும் காற்று புகுந்து எஞ்சின் நிற்கும்.

காற்று பில்டர்: பஞ்சு வகையைச் சோப்பு நீரில் அலசி நன்கு உலர்த்திய பின் மாட்ட வேண்டும். காகித வகையைத் தட்டித் தூசியை நீக்கலாம், நனைக்கக் கூடாது.

பிளக்: நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் நலம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி அல்லது காற்றுக் குறைவு. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, சூடு அதிகம். துடைத்து, இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் உள்ளதா எனப் பாருங்கள்.

சைலன்சர் வலை: டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களில் இவ்வலையில் கரி அடைத்தால் புகை வெளியேறாமல் எஞ்சின் வலுவிழக்கும். கழற்றித் தேய்த்து மாட்டுங்கள்.

கார்புரேட்டர் திருகைத் தொடாதீர்கள்

எஞ்சின் நின்றதும் கார்புரேட்டர் திருகைத் திருகிப் பார்க்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. இதனால் சிறு கோளாறு பெரிதாகிவிடுகிறது. போடி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்திலும், போடிமெட்டு சுமார் 1,400 மீட்டர் உயரத்திலும் உள்ளன. மேலே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே கீழே சரியாக ஓடிய எஞ்சின் மேலே சற்று வலுக்குறைந்து, பிளக்கில் கரி படிய ஓடும். இது பழுதன்று.

மேலே நன்றாக ஓடுகிறதென்று பெட்ரோலைக் குறைத்துத் திருகிவிட்டு, அதே இயந்திரத்தைக் கீழே தென்னந்தோப்பில் ஓட்டினால் சூடு மிகுந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பிறகு எஞ்சினையே பிரிக்க வேண்டிவரும். திருகைச் சரிசெய்யத் தேவைப்பட்டால், இயந்திரம் வேலை செய்யும் உயரத்திலேயே மெக்கானிக்கைக் கொண்டு செய்துகொள்வது நல்லது.

பம்பு எஞ்சின் வைத்திருப்போருக்கு

சில போர் ஸ்ட்ரோக் பம்பு எஞ்சின்களில், ஆயில் குறைந்தால் தானே நிறுத்தும் அமைப்பு உள்ளது. சரிவில் சாய்த்து வைத்தாலும் அது ஆயில் குறைந்ததாக எண்ணி எஞ்சினை நிறுத்திவிடும். சமதளத்தில் வைத்து ஆயில் அளவைப் பார்த்த பின்னரே வேறு பழுதைத் தேட வேண்டும்.

வேலை முடிந்த பின்

சில வாரங்களுக்கு இயந்திரம் தேவையில்லை என்றால் டாங்கைக் காலி செய்து, மிச்சப் பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் நிற்கும்வரை ஓடவிடுங்கள். பெட்ரோலை ஓரிரு வாரத் தேவைக்கு மட்டும் வாங்கி, இறுக மூடிய கேனில் வையுங்கள். உதிரியாக ஒரு பிளக்கும் ஓர் எரிபொருள் பில்டரும் பிளக் சாவியும் தோட்ட வீட்டில் இருந்தால், இயந்திரத்தை மலையிறக்க வேண்டிய தேவை வெகுவாகக் குறையும்.