கேரவன் வாங்கினால் போதுமா? இழுக்கும் காருக்கும் வலு வேண்டும்!

புது தில்லி: தமிழகத்தில் "கேரவன்" என்றவுடன் நினைவுக்கு வருவது படப்பிடிப்புத் தளங்களில் நிற்கும் நட்சத்திரங்களின் வேன். ஆந்திரத்தில் அதற்கு அரசியல் வரலாறும் உண்டு. 1982-இல் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கிய என்.டி. ராமாராவ், செவர்லே வேன் ஒன்றை மாற்றியமைத்து, "சைதன்ய ரதம்" எனப் பெயரிட்டு மாநிலம் முழுவதும் சுற்றினார். மறு ஆண்டே திருப்பதி தொகுதியிலும் வென்று முதல்வரானார்.

குடும்பத்துடன் ஊர் சுற்ற உதவும் கேரவன் இப்போதுதான் இந்தியாவில் மெல்ல அறிமுகமாகி வருகிறது. கேரள அரசு 2021-இல் "கேரவன் கேரளா" கொள்கையை அறிவித்தது. அடுத்த ஆண்டு வாகமனில் அம்மாநிலத்தின் முதல் கேரவன் பூங்கா திறக்கப்பட்டது. பெருமளவில் யாத்ரீகர்கள் வரும் திருப்பதியும், சென்னை, பெங்களூரு சாலைகள் வந்து சேரும் சித்தூரும் இந்த வகைப் பயணத்துக்கு ஏற்ற ஊர்களாகவே தோன்றும். ஆனால், வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை பல உள்ளன.

இரண்டு வகை

கேரவன் இரு வகைப்படும். என்ஜினும் வீடும் ஒன்றாக அமைந்த மோட்டார் கேரவன் ஒன்று. காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லும் டிரெய்லர் கேரவன் மற்றொன்று. முதல் வகைக்கு "ஏ.ஐ.எஸ். 124" என்ற தரநிலை உள்ளது. பழைய வேனை வாங்கி, பட்டறையில் கொடுத்து கேரவனாக மாற்றிக் கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவை நினைவில் கொள்ள வேண்டும். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றுவதை அப்பிரிவு தடை செய்கிறது.

இழுவை கேரவனில் வசதி ஒன்று உண்டு. தங்கும் இடத்தில் அதை நிறுத்திவிட்டு, காரை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே செல்லலாம். திருப்பதி போன்ற நெரிசல் மிகுந்த ஊருக்கு இதுவே பொருத்தம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு "மோட்டார் வாகனம்"தான். எனவே அதற்கும் தனிப் பதிவு தேவை. 61-ஆவது பிரிவின்படி, டிரெய்லரின் பதிவெண்ணுடன், அதை இழுக்கும் வாகனத்தின் பதிவெண்ணும் டிரெய்லரில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மத்திய அரசு 2004 நவம்பர் 5-ஆம் தேதி வெளியிட்ட வாகன வகைப்பாட்டு அறிவிக்கையில், "கேம்பர் வேன் அல்லது டிரெய்லர்" இரு பட்டியல்களிலும் இடம்பெற்றுள்ளது. சொந்த உபயோகத்துக்கு என்றால் அது போக்குவரத்து அல்லாத வாகனம். மற்றபடி அது போக்குவரத்து வாகனம். சொந்த உபயோகத்துக்கு எனப் பதிவு செய்த கேரவனை விடுமுறை நாள்களில் வாடகைக்கு விடுபவர், விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகை கிடைப்பதில் சிக்கலைச் சந்திக்க நேரிடும் என்பது குறிப்பிடத்தக்கது.

ஓட்டுநர் உரிமத்தைப் பொருத்தவரை, டிராக்டர் ஓட்டும் உரிமம் பெற்றவர் அதனுடன் டிரெய்லரை இணைத்ததாலேயே அந்த உரிமம் செல்லாததாகி விடாது என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் தீர்ப்பளித்தது. இலகுரக வாகன உரிமம் பெற்றவர்கள் 7,500 கிலோவுக்கு உள்பட்ட போக்குவரத்து வாகனங்களையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது.

எடைக் கணக்கு

கேரவன் வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது கட்டிலையும் சமையலறையையும். முதலில் பார்க்க வேண்டியது எடைத் தகட்டை. காலியாக இருக்கும்போது உள்ள எடை ஒன்று; பொருள்களுடன் சேர்த்து அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச எடை மற்றொன்று.

உதாரணமாக, காலி எடை 1,050 கிலோ, அதிகபட்ச எடை 1,300 கிலோ என்றால், ஏற்றக்கூடியது 250 கிலோ மட்டுமே. இதில் 80 லிட்டர் தண்ணீர் 80 கிலோ. நிரப்பப்பட்ட வீட்டு சமையல் எரிவாயு சிலிண்டர் ஏறத்தாழ 30 கிலோ. பெரிய பேட்டரி சுமார் 50 கிலோ. கூரையில் பொருத்தும் குளிர்சாதனக் கருவி 40 கிலோ வரை. ஆக, 200 கிலோ தீர்ந்துவிட்டது. படுக்கை, பாத்திரம், துணிமணிகள் எல்லாவற்றுக்கும் மீதம் 50 கிலோதான். தண்ணீர்த் தொட்டியைக் காலியாக எடுத்துச் சென்று, போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்பிக் கொள்வது நல்லது.

அடுத்தது கார். நிரம்பிய கேரவனின் எடை, காரின் வெறும் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பிரிட்டனில் புதியவர்களுக்குக் கூறப்படும் அறிவுரை. அதன்படி 1,300 கிலோ கேரவனை இழுக்க, குறைந்தது 1,530 கிலோ எடையுள்ள கார் தேவை. 900 கிலோ எடையுள்ள சிறிய கார் 765 கிலோவுக்கு மேல் இழுக்கக் கூடாது. என்ஜின் வலுவாக இருந்தாலும், கார் இலேசாக இருந்தால், வளைவிலும் பக்கக் காற்றிலும் கேரவன் காரை ஆட்டிவிடும்.

கொக்கியின் மீது அமரும் எடையும் முக்கியம். அது கேரவனின் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம், அதாவது 1,300 கிலோவுக்கு 65 முதல் 91 கிலோ வரை இருக்க வேண்டும். கனமான பொருள்களை அச்சுக்கு நேர் மேலே, தரையோடு வைக்க வேண்டும். பின்புறம் பாரம் ஏறினால் கேரவன் பாம்பு போல நெளியத் தொடங்கும். அப்போது திடீரென பிரேக் போடாமல், ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து வேகத்தைக் குறைக்க வேண்டும்.

எந்தக் கணக்கையும் விட மேலானது, கார் நிறுவனம் நிர்ணயித்த இழுவைத் திறன். ஐரோப்பாவில் அது வாகன ஆவணத்திலேயே இடம்பெறுகிறது. இந்தியாவில் விற்கப்படும் பல கார்களின் கையேடுகளில் அந்த எண்ணே இல்லை. இசுசு நிறுவனத்தின் பிக்-அப் வாகன ஆலை 2016 முதல் ஸ்ரீசிட்டியில் இயங்குகிறது. அமரராஜா பேட்டரி ஆலை திருப்பதியை அடுத்த கரகம்பாடியில் உள்ளது. இழுக்கும் வாகனமும் பேட்டரியும் இப்பகுதியிலேயே தயாராகின்றன. இருந்தும், எந்தக் கார் எவ்வளவு இழுக்கும் என்பதை வாங்குபவர் நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பெற வேண்டிய நிலையே உள்ளது.

மலைப்பாதையில் எச்சரிக்கை

பெங்களூரில் இருந்து வருபவர்கள் பலமநேருக்கும் சித்தூருக்கும் இடையே மொகிலி மலைச்சாலையைக் கடந்தாக வேண்டும். 2024 செப்டம்பரில் அங்கு அரசுப் பேருந்தும் லாரியும் மோதிய விபத்தில் பலர் உயிரிழந்தனர். இறக்கத்தில் கேரவனின் எடை முழுவதும் காரைத் தள்ளும். தொடர்ந்து பிரேக்கை மிதித்தால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். இறங்கத் தொடங்கும் முன்பே கீழ் கியருக்கு மாறுவதுதான் பாதுகாப்பு. கேரவனுக்குத் தனி பிரேக் இருப்பது அவசியம்.

சென்னையில் இருந்து திருத்தணி, புத்தூர் வழியாக வருபவர்களுக்கு இச்சிரமம் இல்லை. ஆனால், கேரவனுடன் திருமலை ஏறும் எண்ணத்தை எவரும் கைவிடுவது நல்லது. 1944-இல் திறக்கப்பட்ட முதல் மலைப்பாதை இறங்கவும், இரண்டாவது பாதை ஏறவும் பயன்படுகின்றன. கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த பாதையில் இழுவை வண்டி நின்றுவிட்டால், பின்னால் வரும் பக்தர்கள் அனைவரும் தவிக்க நேரிடும். கேரவனை அடிவாரத்தில் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிட்டு, பேருந்திலோ காரிலோ மலை ஏறலாம். 2025 ஆகஸ்ட் 15 முதல் அலிபிரி சோதனைச் சாவடியில் வாகனங்களுக்கு பாஸ்டேக் கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

ஓடும்போது கேரவனுக்குள் ஒருவரும் அமரக் கூடாது. குழந்தைகள் உறங்க விரும்பினாலும் காரிலேயே, சீட் பெல்ட்டுடன் உறங்கட்டும்.

கேரவன் சுற்றுலாவுக்கு மாநிலங்கள் பூங்கா அமைப்பதும் சலுகை அறிவிப்பதும் வரவேற்கத்தக்கதே. அதே வேளையில், ஒவ்வொரு காரின் இழுவைத் திறனையும் பதிவுச் சான்றிதழிலேயே குறிப்பிடும் விதியை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கொண்டு வருமானால், வாங்குபவர் ஊகத்தை நம்ப வேண்டியிராது. அதுவரை, முன்பணம் கொடுப்பதற்கு முன், பொருள்கள் ஏற்றிய கேரவனை எடை மேடையில் ஒரு முறை நிறுத்திப் பார்ப்பதே குடும்பத்துக்குப் பாதுகாப்பு.